புது டிவி, சவுண்ட்பார், ஃபிட்னஸ் பேண்ட்: ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள வீட்டுலயே டெஸ்ட் பண்றது எப்படி? முழு வழிகாட்டி

போன தீபாவளி சேல்ல எங்க வீட்டுக்கு மூணு சாமான் வந்துச்சு. 55 இஞ்ச் டிவி ஒண்ணு, சவுண்ட்பார் ஒண்ணு, அம்மாவுக்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட். டிவியை மாத்தி வாங்கினோம், பேண்டு திரும்பப் போயிடுச்சு, சவுண்ட்பார் மட்டும்தான் வந்தபடியே இன்னும் இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி முப்பது ரிவ்யூ பாக்கறோம், ஃப்ரெண்டுகிட்ட கேக்கறோம், ரெண்டு கடை ஏறி இறங்கறோம், ஆனா பெட்டி வீட்டுக்கு வந்தவுடனே பிரிச்சு ஆன் பண்ணி "சூப்பரா இருக்குல்ல" னு சொல்லிட்டு அப்படியே விட்டுடறோம். குறை கண்ணுல படும்போது பத்தாவது நாள் ஆயிருக்கும், ரிட்டர்ன் பட்டன் காணாமப் போயிருக்கும்.

அதனால இது எதை வாங்கலாம்னு சொல்ற கட்டுரை கிடையாது. வாங்கினப்புறம் அந்த ஏழு நாள்ல என்ன பண்ணணும்னு மட்டும்தான் சொல்லப்போறேன். தராசு சரியா இருக்கான்னு பாக்கணும்னா எடை தெரிஞ்ச படிக்கல் ஒண்ணு நம்ம கையில இருக்கணும்ல, அதே மாதிரி எந்த கேட்ஜெட்டையும் நமக்கு ஏற்கனவே அளவு தெரிஞ்ச ஒண்ணை வச்சுத்தான் சோதிக்கணும். கம்பெனிக்காரன் போடற டெமோ வீடியோ அவனோட படிக்கல், அதுல எல்லாமே அழகாத்தான் இருக்கும்.

ஆர்டர் போடும்போதே

ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா "7 நாள் ரிட்டர்ன்", "7 நாள் ரீப்ளேஸ்மென்ட்" இந்த ரெண்டுல எது போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க. டிவி மாதிரி பெரிய சாமானுக்கு பெரும்பாலும் ரீப்ளேஸ்மென்ட்தான் இருக்கும், அதாவது பணம் திரும்ப வராது, டெக்னீஷியன் வந்து பாத்து "ஆமா குறைதான்" னு எழுதிக் கொடுத்தாத்தான் வேற பீஸ் வரும். அந்த ஆள் வர்றதுக்கே ரெண்டு மூணு நாள் ஆகும், அதனால ஏழு நாள்ங்கறது நிஜத்துல நாலு நாள்தான்னு வச்சுக்கோங்க. ஊருக்குப் போற வாரத்துல டெலிவரி தேதி போடாதீங்க.

பெட்டி வந்த அன்னிக்கு

பிரிக்கறதை வீடியோ எடுங்க. யூடியூப்ல போடறதுக்காக இல்ல, பெட்டி மேல இருக்கற ஸ்டிக்கர், சீரியல் நம்பர், உள்ள இருக்கற சாமான் எல்லாம் ஒரே ஷாட்ல வெட்டு இல்லாம இருந்தா நாளைக்கு பேச்சு வரும்போது கை கொடுக்கும். பெட்டி மேல இருக்கற சீரியல் நம்பர், சாமான் பின்னாடி இருக்கற நம்பர், பில்லுல இருக்கற நம்பர் மூணும் ஒண்ணா இருக்கணும். சாமான்ல பிஐஎஸ், அதாவது இந்திய தரநிலை அமைப்போட முத்திரையோட R-னு ஆரம்பிக்கற ஒரு பதிவு நம்பர் இருக்கும், அதை "பிஐஎஸ் கேர்" ஆப்ல போட்டா எந்த கம்பெனி எந்த சாமானுக்கு வாங்கினதுன்னு வரும். பேரு தெரியாத பிராண்டுன்னா இதை கண்டிப்பா பாருங்க.

தெர்மாகோலை உடைக்காதீங்க. பசங்க இருந்தா அதை அவங்க கண்ணுல காட்டாதீங்க.

டிவி: செவுத்துல மாட்டறதுக்கு முன்னாடி

இதுலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. இன்ஸ்டலேஷன் பண்றவர் வந்தவுடனே டிரில்லரை எடுத்து ஓட்டை போட ஆரம்பிச்சுடுவார், அவருக்கு அன்னிக்கு இன்னும் அஞ்சு வீடு இருக்கும். "அண்ணே, ஒரு பத்து நிமிஷம், கீழ வச்சு ஆன் பண்ணி பாத்துக்கறேன்" னு சொல்லுங்க. காபி போட்டுக் குடுங்க, இருப்பார்.

அந்தப் பத்து நிமிஷத்துல யூடியூப்ல "டெட் பிக்சல் டெஸ்ட்" னு தேடுங்க, முழு ஸ்க்ரீனும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்புன்னு ஒவ்வொண்ணா வரும். வெள்ளையில கரும்புள்ளி இருக்கா, கருப்புல ஒளிர்ற புள்ளி இருக்கான்னு கிட்ட போய் பாருங்க. ஒண்ணு ரெண்டு புள்ளிக்கு மாத்தித் தரமாட்டோம்னு சொல்ற கம்பெனிங்க இருக்கு, அதனால வாரண்டி கார்டையும் ஒரு தடவை படிச்சிடுங்க.

அப்புறம் ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு அந்த கருப்பு ஸ்க்ரீனை மறுபடியும் போடுங்க. எங்க டிவியில இடது பக்கம் கீழ் மூலையில டார்ச் அடிச்ச மாதிரி ஒரு வெளிச்சம் கசிஞ்சுது, பகல்ல சுத்தமா தெரியல. எல்இடி டிவியில பின்னாடி லைட் இருக்கறதால ஓரத்துல லேசா கசியறது சகஜம்தான், ஆனா இருட்டு சீன்ல படம் பாக்கறப்ப கண்ணு அங்கயே போகுதுன்னா அது குறைதான். ஓஎல்இடியில ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்றதால இந்தப் பிரச்சினை வராது. அந்த மூலையை போட்டோ எடுக்கும்போது போன் கேமரா வெளிச்சத்தை தானா ஏத்திக் காட்டிடும், அதனால எக்ஸ்போஷரைக் குறைச்சு, கண்ணுக்குத் தெரியற அளவுல எடுத்து அனுப்புங்க. நான் முதல்ல அனுப்பின படத்தைப் பாத்துட்டு "கேமரா எஃபெக்ட் சார்" னு சொல்லி கேஸை மூடிட்டாங்க, ரெண்டாவது தடவை கம்ப்ளெயிண்ட் போட்டப்புறம்தான் ஆள் வந்தார்.

பேனல் நல்லாருக்குன்னா செட்டிங்ஸ். ஆரம்பத்துல வீடா கடையான்னு கேக்கும், "ஹோம்" னு குடுங்க, கடை மோடுல வெளிச்சம் கண்ணைக் குத்தற அளவுக்கு ஏத்தி வச்சிருப்பாங்க. அடுத்து மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம்ல எடுக்கறது, டிவி நடுவுல இல்லாத ஃப்ரேமை தானே கற்பனை பண்ணிப் போட்டு வழவழன்னு ஓட்டும், அதனாலதான் கோடி கோடியா கொட்டி எடுத்த படம்கூட சீரியல் மாதிரி தெரியும். சாம்சங்ல இதுக்கு ஆட்டோ மோஷன் பிளஸ்னு பேரு, புது மாடல்ல பிக்சர் க்ளாரிட்டின்னு வரும், எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோ. சினிமாவுக்கு அணைச்சிடுங்க, கிரிக்கெட்டுக்கு பிடிச்சா வச்சுக்கோங்க. ஃபிலிம்மேக்கர் மோடுன்னு ஒண்ணு 2019ல அறிவிச்சாங்க, அது இருந்தா ஒரே பட்டன்ல இந்த வேலையெல்லாம் முடிஞ்சிடும். முதல் ரெண்டு நாள் படம் மஞ்சளா, டல்லா தெரியும், அப்பா "டிவி ரிப்பேரா" ன்னு கேப்பார். மூணாவது நாள் பழைய மோடுக்கு மாத்திக் காட்டுங்க, அவரே வேண்டாம்பார்.

நெட்டைப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. நெட்ஃப்ளிக்ஸ் 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் போதும்னு அவங்களே சொல்றாங்க. போன்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டுட்டு திருப்தி ஆகாதீங்க, டிவியோட பிரவுசர்லயே ஃபாஸ்ட் டாட் காம் திறந்து பாருங்க, ஏன்னா ஹால்ல இருக்கற டிவிக்கும் பெட்ரூம்ல இருக்கற ரவுட்டருக்கும் நடுவுல ரெண்டு செங்கல் சுவர் இருக்கும். வைஃபைல 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும் ஆனா மெதுவா இருக்கும், 5 வேகமா இருக்கும் ஆனா சுவர்ல தடுமாறும்.

சவுண்ட்பார்

பெட்டி மேல போட்டிருக்கற வாட்ஸை நம்பாதீங்க. பவரை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் சத்தம் ஏறறது 3 டெசிபல்தான், காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கு" ங்கற அளவு. அதனால 300 வாட்ஸ், 600 வாட்ஸ்ங்கறதை வச்சு சண்டை போடறதுல அர்த்தமே இல்ல.

கனெக்‌ஷன்ல முக்கால்வாசி பேர் தப்பு பண்றாங்க. ப்ளூடூத்ல கனெக்ட் பண்ணிட்டு "உதடும் சத்தமும் ஒட்டல" ம்பாங்க. டிவிக்குப் பின்னாடி இருக்கற எச்டிஎம்ஐ போர்ட்ல ஒண்ணுல மட்டும் ஆர்க் அல்லது இ-ஆர்க்னு எழுதியிருக்கும், அதுலதான் கேபிள் போகணும், சவுண்ட்பார்லயும் அதே பேரு போட்ட போர்ட்ல. அப்புறம் டிவி செட்டிங்ஸ்ல சிஇசி-யை, அதாவது டிவியும் பாரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற வசதியை ஆன் பண்ணணும், சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க்னு ஆளுக்கொரு பேரு வச்சிருக்காங்க. சவுண்ட் அவுட்புட்ல "பாஸ்த்ரூ" இல்லன்னா "ஆட்டோ" வைங்க. பிசிஎம்ல இருந்தா டிவியே சத்தத்தைப் பிரிச்சு அனுப்பும், பல டிவியில ரெண்டு சேனல்தான் வெளிய வரும், சுத்தியும் மேல இருந்தும் சத்தம் வர்ற டால்பி அட்மாஸ்னு காசு குடுத்து வாங்கி ஸ்டீரியோ கேட்டுட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு, அட்மாஸ் கேக்கணும்னா இ-ஆர்க் கட்டாயம்னு கடையில சொல்வாங்க. ஓடிடில வர்ற அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ல சுருக்கி வருது, அது சாதா ஆர்க்லயே போகும், உங்க டிவி அதை அனுப்பற டிவியா இருந்தா போதும். ப்ளூரே டிஸ்க்ல தரம் குறையாம வர்ற ட்ரூஎச்டிக்குத்தான் இ-ஆர்க் வேணும். ஆப்டிகல் கேபிள்ல அட்மாஸ் போகவே போகாது, சாதா 5.1 வரைக்கும்தான். மேல பாத்து அடிக்கற ஸ்பீக்கர் இருக்கற மாடல்னா உங்க சீலிங்கைப் பாருங்க, சத்தம் சீலிங்ல பட்டுத்தான் கீழ வரணும், தட்டையான கான்கிரீட்னா நல்லது, ஓட்டு வீட்டுலயும் சரிவா ஷீட் போட்ட மாடியிலயும் அந்தக் காசு தண்டம்.

இப்ப டெஸ்ட். முதல்ல வசனம். நியூஸ் வாசிக்கறவங்க முகம் பெருசா தெரியற ஒரு வீடியோ போடுங்க, அவங்க ப, ம வர்ற வார்த்தை சொல்றப்ப உதட்டைப் பாருங்க, "பிரதமர்", "மாமதுரை", "பம்பாய்" மாதிரி. உதடு ஒட்டித் திறக்கற நேரத்துல சத்தம் வரணும். சத்தம் பிந்தினா டிவியிலயோ பார்லயோ ஆடியோ டிலே, ஏவி சிங்க்னு இருக்கற செட்டிங்கை மாத்துங்க, டிலேயைக் கூட்டினா சத்தம் இன்னும் பிந்தும், குறைச்சாதான் முந்தும். இந்த "ப, ம" டெஸ்ட்டுக்கு மேல வேற ஆப் எதுவும் தேவையில்ல.

ரெண்டாவது, உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரு பழைய பாட்டு. புதுப் பாட்டு போட்டா எல்லா ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கும், ஏன்னா ஒப்பிட்டுப் பாக்க உங்க காதுல ஒண்ணும் இருக்காது. ஆயிரம் தடவை பஸ்லயும் டீக்கடையிலயும் கேட்ட பாட்டுன்னா தபேலா எங்க விழும், பாடறவங்க எங்க மூச்சு எடுப்பாங்கன்னு காதுக்குத் தெரியும். அதுல ஏதாவது காணாமப் போயிருந்தா உடனே பிடிச்சிடுவீங்க.

மூணாவது டெஸ்ட், உஃபர், அதாவது பேஸ் சத்தத்துக்குன்னு தனியா வர்ற பெட்டி. இதை டிவிக்குப் பக்கத்துல வச்சா போதும்னு நினைப்போம், ஆனா பேஸ் சத்தம் அறையோட மூலையில ஒரு அளவு, நடுவுல ஒரு அளவுன்னு இருக்கும். இதுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. உஃபரைத் தூக்கி நீங்க வழக்கமா உக்கார்ற சோஃபா மேல வைங்க, பேஸ் நல்லா வர்ற பாட்டை ஓட விடுங்க, நீங்க தரையில சுவரோரமா தவழ்ந்து போங்க. எந்த இடத்துல பேஸ் தெளிவா, குமுறல் இல்லாம கேக்குதோ அதுதான் உஃபருக்கான இடம். நான் தவழ்ந்துட்டு இருக்கறப்ப கரெக்டா கீழ் வீட்டு மாமி தயிர் கேட்டு வந்து நின்னாங்க. என்னன்னு சொல்லி விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, ஆனா அதுக்கப்புறம் அவங்க வீட்டு ஜன்னல் அதிரல, ஏன்னா உஃபர் மூலையை விட்டு நகர்ந்துடுச்சு.

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல்னு இருக்கற ஹால்ல வசனம் எதிரொலிக்கத்தான் செய்யும், பாரைக் குறை சொல்லாதீங்க. ஒரு ஜமுக்காளத்தை விரிச்சு, ஜன்னலுக்கு கனமான ஸ்க்ரீன் துணி போட்டுட்டு மறுபடியும் கேட்டுப் பாருங்க.

ஃபிட்னஸ் பேண்ட்: இங்கதான் விஷயம் இருக்கு

டிவியில குறை இருந்தா கண்ணுக்குத் தெரியும். பேண்டு அப்படி இல்ல, அது காட்டற நம்பரை நாம நம்பிடுவோம், அதை வச்சு சாப்பாட்டைக் கூட்டுவோம் குறைப்போம், சில பேர் மாத்திரையில கூட கை வைக்கறாங்க. அதனால இதுக்கு ரெண்டு நாள் கூடவே ஒதுக்குங்க.

முதல்ல எப்படி கட்டறதுன்னு பாருங்க. பின்னாடி மின்னுற பச்சை லைட்டு தோலுக்குள்ள போகும், ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அதை உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் உறிஞ்சற அளவு மாறும், அந்த ஏத்த இறக்கத்தை எண்ணித்தான் இதயத்துடிப்பைச் சொல்லுது. வளையல் மாதிரி தொளதொளன்னு கட்டினா வெளி வெளிச்சம் உள்ள புகுந்து நம்பர் கண்டபடி போகும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல், ரெண்டு விரல் மேல, நகராத அளவுக்கு, ஆனா தடம் விழாத அளவுக்கு. பச்சை குத்தின இடத்துல கட்டாதீங்க, மை வெளிச்சத்தைத் தடுக்கும்.

அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுல ரெண்டு விரலை வச்சு நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. பேண்டு காட்டறதுக்கும் இதுக்கும் ரெண்டு மூணு துடிப்பு வித்தியாசம் இருந்தா பரவாயில்ல. அப்புறம் மாடிப்படி ரெண்டு மாடி ஏறி இறங்கிட்டு உடனே மறுபடியும் எண்ணுங்க, இந்தத் தடவை 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க. நல்ல பேண்டு சட்டுனு ஏறும், மட்டமானது நீங்க மூச்சு வாங்கிட்டு நிக்கறப்பவும் 78-லயே தூங்கிட்டு இருக்கும்.

அம்மாவுக்கு முதல்ல வாங்கின பேண்டுல பிபி, சுகர், ஆக்சிஜன் எல்லாம் வரும்னு போட்டிருந்தான், ரெண்டாயிரம் ரூபாய்க்கும் கம்மி. சந்தேகமா இருந்துச்சு, சமையக்கட்டுல இருந்த வாழைக்காயை எடுத்து அதுல கட்டினேன். இதயத்துடிப்பு 74. சரி, இதை மட்டும் வச்சு எந்த பேண்டையும் குறை சொல்ல முடியாது, ஏன்னா பச்சை லைட்டு எதுல பட்டு திரும்பினாலும் அந்த ஏத்த இறக்கத்துல ஒரு தாளத்தைத் தேடறதுதான் அதோட வேலை, விலை கூடின பேண்டுகூட சுருட்டின டிஷ்யூ பேப்பர்ல துடிப்பு காட்டின கதை உண்டு. ஆனா அடுத்து பிபி பட்டனை அழுத்தினேன், வாழைக்காய்க்கு 118-க்கு 76. அம்மாவுக்கு 130 தாண்டித்தான் எப்பவும் இருக்கும், வாழைக்காய் அம்மாவை விட ஆரோக்கியம். அன்னிக்கே ரிட்டர்ன் போட்டாச்சு.

பிபிங்கறது வெறும் லைட்டை வச்சு சுலபமா வர்ற விஷயம் கிடையாது. சாம்சங் வாட்ச்ல அந்த வசதி இருக்கற நாடுகள்ல 28 நாளைக்கு ஒரு தடவை நிஜமான கை பட்டை மெஷினை வச்சு சரி பண்ணிக்கணும், ஹுவாவேல ஒரு மாடல்ல ஸ்ட்ராப்புக்குள்ளயே காத்து அடைக்கற பை வச்சிருக்காங்க. சுகர் விஷயம் இன்னும் மோசம், ஊசி குத்தாம சர்க்கரை அளவைத் தானா அளக்கற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கலைன்னு மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்கற அமெரிக்காவோட எஃப்டிஏ 2024 பிப்ரவரில எச்சரிக்கையே விட்டுச்சு. வீட்டுல சுகர் பேஷண்ட் இருந்தா அந்த வசதி போட்ட பேண்டை வாங்கவே வாங்காதீங்க, அது காட்டற நம்பரை நம்பி இன்சுலின் அளவை மாத்தினா உயிருக்கே ஆபத்து.

ஆக்சிஜன் அளவு சிவப்பு, இன்ஃப்ராரெட் லைட்ல வருது. ஆஸ்பத்திரில விரல்ல மாட்டற மெஷினே கருப்புத் தோல்ல சில நேரம் கூடுதலா காட்டுதுன்னு 2020ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, கையில கட்டற பேண்டை எவ்வளவு நம்பலாம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அடுத்து நடை. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே சரியா 100 அடி நடங்க, மூணு தடவை. 95-ல இருந்து 105-க்குள்ள இருந்தா போதும். இதை விட முக்கியம் நடக்காதப்ப எண்ணுதான்னு பாக்கறது. பேண்டுக்குள்ள இருக்கறது அசைவைப் பாக்கற சென்சர், காலை அது பாக்கல, கையைத்தான் பாக்குது. ரெண்டாவதா வாங்கின பேண்டைக் கட்டிக்கிட்டு அம்மா சப்பாத்தி தேய்ச்சாங்க, பன்னெண்டு சப்பாத்திக்கு நூத்தி சொச்சம் அடி ஏறிடுச்சு. "நின்ன இடத்துலயே நடந்துட்டேனாடா?" ன்னு சிரிச்சாங்க. குண்டும் குழியுமான ரோட்டுல வண்டி ஓட்டினாலும் இப்படி ஏறும். அதுக்கு நேர்மாறா சூப்பர் மார்க்கெட்ல டிராலியைத் தள்ளிக்கிட்டு நடந்தா கை ஆடாததால குறையும். வலது கைக்காரங்க இடது கையில கட்டி, ஆப்லயும் அதையே தேர்ந்தெடுத்தா ஓரளவு சரியாகும்.

தினம் 10,000 அடிங்கற கணக்கும் டாக்டர் சொன்னது இல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச அடுத்த வருஷம், 1965ல, ஜப்பான்ல ஒரு அடி எண்ணற கருவி வித்தாங்க, அதோட பேரு மன்போ-கேய், "பத்தாயிரம் அடி மீட்டர்" னு அர்த்தம். விக்கறதுக்காக வச்ச பேரு உலகம் பூரா இலக்கா மாறிடுச்சு. அம்மாவுக்கு நான் 6,000 செட் பண்ணி வச்சிருக்கேன், முடிஞ்சவுடனே கையில விர்ருனு அதிரும், பேத்திகிட்ட போய் காட்டுவாங்க.

வேகமா நடக்கறப்ப ஒரு கோளாறு வரும், இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. நிமிஷத்துக்கு 115 அடி வச்சு நடக்கறீங்க, பேண்டும் துடிப்பு 115-னு காட்டுது. அது உங்க இதயம் இல்ல, கை ஆடற தாளத்தை துடிப்புன்னு நினைச்சுக்கிட்டு ஒட்டிக்கிச்சு. நின்னு நாடியைப் பிடிச்சுப் பாத்தா 95 இருக்கும். பேண்டை இறுக்கி, இன்னும் கொஞ்சம் மேல ஏத்திக் கட்டுங்க, அப்பவும் அப்படியேன்னா ஓடறவங்களுக்கு அந்த பேண்டு ஆகாது. துல்லியமா வேணும்னா நெஞ்சுல கட்டற பட்டைதான், அது ஈசிஜி மாதிரி இதயத்தோட மின்சாரத்தையே பிடிக்கும்.

தூரத்துக்கு மைதானத்துக்குப் போங்க. எங்க மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் மாதிரி 400 மீட்டர் ட்ராக் எங்க இருந்தாலும் சரி, உள் ஓரத்து முதல் லேன்ல அஞ்சு சுத்து, 2 கிலோமீட்டர். போனை வீட்டுலயே வச்சுட்டுப் போங்க. பேண்டுல சொந்த ஜிபிஎஸ் இருக்கா இல்ல போனோட ஜிபிஎஸ்ஸை கடன் வாங்குதான்னு அப்பதான் தெரியும், பெட்டியில "ஜிபிஎஸ்" னு மட்டும்தான் போட்டிருப்பான்.

கலோரியை விட்டுடுங்க. 2017ல ஸ்டான்ஃபோர்ட்ல ஏழு கருவியை சோதிச்சாங்க, துடிப்புல ஆறு கருவி 5 சதவீதப் பிழைக்குள்ள வந்துச்சு, கலோரில இருக்கறதுலயே நல்லது 27 சதவீதம் தப்பு, மோசமானது 93. "400 கலோரி எரிச்சேன், ஒரு பரோட்டா சாப்பிடலாம்" ங்கற கணக்கு அதோட முடிஞ்சுது.

தூக்கத்துக்கு மூணு ராத்திரி படுக்கற நேரம், எழுந்த நேரம், நடுவுல பாத்ரூம் போன நேரம் இதை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. காலையில ஆப்போட ஒத்துப் பாருங்க. நேரம் ஓரளவு சரியா இருக்கும், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம்னு பிரிச்சுக் காட்டறதை பெருசா எடுத்துக்காதீங்க, அதை நிஜமா கண்டுபிடிக்க தலையில ஒயர் ஒட்டி மூளை அலையைப் பாக்கணும். மத்தியானம் பேப்பர் படிச்சுட்டு அசையாம படுத்திருந்ததையே தூக்கம்னு எழுதற பேண்டெல்லாம் உண்டு.

பேட்டரி பத்தி ஒரு வரி: தினம் காலையில ஒரே நேரத்துல சதவீதத்தை எழுதுங்க, ஸ்க்ரீனை எப்பவும் எரிய விட்டு, ஆக்சிஜனை ராத்திரி பூரா அளக்க விட்டா "14 நாள்" ங்கறது அஞ்சாறு நாளா சுருங்கிடும்.

தண்ணி தாங்கற அளவு 5 ஏடிஎம்னு போட்டிருந்தா மழை, நீச்சல் குளம் ரெண்டும் தாங்கும். அதுக்காக வெந்நீர்ல குளிக்கறப்ப கட்டாதீங்க, ஆவியும் சோப்பும் ரப்பர் சீலைக் கெடுத்துடும்.

ஆப்ல கேக்கறதெல்லாம் குடுக்காதீங்க

அடி எண்ண கான்டாக்ட்ஸ் எதுக்கு? கால் வந்தா பேர் காட்டணும்னா குடுங்க, இல்லன்னா வேண்டாம். ஓட்டத்தை வெளியில ஷேர் பண்ணற ஆப்ல வீட்டைச் சுத்தி மறைக்கற வசதியை ஆன் பண்ணுங்க, ஸ்ட்ராவாங்கற ஓட்ட ஆப் 2017ல போட்ட மேப்புல ராணுவ முகாமே தெரிஞ்சுபோச்சு, நம்ம தெரு எம்மாத்திரம். டிவியும் சும்மா இல்ல, நீங்க என்ன பாக்கறீங்கன்னு ஸ்க்ரீனைப் பாத்துக் கண்டுபிடிச்சு அனுப்பும், பிரைவசி செட்டிங்ஸ்ல "வியூயிங் இன்ஃபர்மேஷன்" மாதிரி ஒண்ணு இருக்கும், அணைச்சிடுங்க, படம் அப்பவும் ஓடும்.

திருப்பிக் குடுக்கறதுன்னா

ஆள் வந்து பாக்கற டிவி மாதிரி சாமானுக்கு நாலாவது நாளுக்குள்ள, மத்ததுக்கு ஆறாவது நாள் ராத்திரிக்குள்ள முடிவு பண்ணிடுங்க. கஸ்டமர் கேர்ல போன்ல பேசினதோட விடாம சாட்லயோ மெயில்லயோ எழுத்துல போடுங்க. இழுத்தடிச்சா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம், பில் நம்பரும் அந்த சாட் ஸ்க்ரீன்ஷாட்டும் கையில வச்சுக்கிட்டு கூப்பிடுங்க.

டிவியில எல்லா ஓடிடி அக்கவுண்ட்டுலயும் சைன் அவுட் பண்ணிட்டு ஃபேக்டரி ரீசெட் குடுங்க. எங்க குறை இருந்த டிவியைக் கொண்டு போற வேன் தெருமுனை திரும்பினப்புறம்தான் எனக்கு இது ஞாபகம் வந்துச்சு, அப்புறம் போன்ல உக்காந்து ஒவ்வொரு ஆப்பா எல்லா டிவைஸையும் வெளியேத்தினேன். பேண்டை ஆப்ல இருந்து அன்பேர் பண்ணிட்டு ரீசெட் பண்ணுங்க, அன்பேர் பண்ணாம குடுத்தா சில பேண்டு உங்க அக்கவுண்ட்டோடயே பூட்டிக்கிட்டு நிக்கும், சோதிக்கறவங்க ஆன் பண்ண முடியலைன்னு சொல்லி ரீஃபண்டை நிறுத்தி வைப்பாங்க.